‘இதுக்குப் போயா அழறே?’



தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள்கூடக் கடைசியில் இரண்டு வரி சேர்த்து, வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இந்த முறை அப்படி வந்த ஒரு தாயின் கடிதம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை எல்லாம் மாற்றி, அதைப் பற்றி உங்களிடம் பேசுகிறேன்.

மகளுக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கெட்டிக்காரி, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் துடித்துப்போகிறவள். ஆனால் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்றால் போதும், எல்லாமே முடிந்துபோய்விட்டது அவளுக்கு. கதவைச் சாத்திக்கொள்கிறாள். அழுகை, ஆத்திரம், கையில் கிடைத்ததை வீசுவது. சில நாட்களில் தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்து, ‘ஸாரிம்மா, நான் ஏன் இப்படி இருக்கேன்னே தெரியல’ என்று அம்மாவின் மடியில் படுத்துக்கொள்கிறாள். ‘திட்டியும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு, கோயில் கோயிலா கூட்டிட்டும் போயாச்சு. இதுக்குப் போயா அழறேன்னு கேட்டா இன்னும் அதிகமாகுது. அவளுக்கு என்கிட்ட என்னதான் வேணும்?’ என்று முடித்திருந்தார்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள் என்ற வரியைப் படித்த உடனேயே அந்த அம்மாவிடம் தொலைபேசியில் பேசினோம். தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னோம். போய்விட்டு வந்தார்கள். மருத்துவர் நிதானமாகக் கேட்டு, ‘டி.பி.டி.’ என்று ஒரு சிகிச்சை இருக்கிறது, அது இவளுக்குப் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்பதன் சுருக்கம் அது. இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டால் மிரட்சியாக இருக்கும். ஆனால் அந்த அம்மா கேட்டாரே ஒரு கேள்வி, அதற்கு நான் படித்தவரையில் இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் சிகிச்சை வேறில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

இதை உருவாக்கியவர் மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியை. 1943-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தவர். வசதியான கத்தோலிக்கக் குடும்பம். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். பள்ளியில் நன்றாகப் படித்த பெண். 1961-இல், 17 வயதில், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் உள்ள ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங்’ என்ற மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே 26 மாதங்கள் இருந்தார். தன்னைத்தானே ஓயாமல் காயப்படுத்திக்கொண்டதால், ஒரு கட்டிலும் நாற்காலியும் கம்பி போட்ட சின்ன ஜன்னலும் மட்டும் இருந்த தனியறையில் அடைத்தார்கள். ஸ்கிஸோஃப்ரீனியா என்று முடிவு கட்டி, அந்தக் காலத்தில் இருந்த வீரியமான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். மின் அதிர்வுச் சிகிச்சையும் கொடுத்தார்கள். எதுவும் உதவவில்லை. அந்த இருட்டில் அவர் கடவுளிடம் ஒரு வாக்குக் கொடுத்தார்: இந்த நரகத்திலிருந்து நான் வெளியே வருவேன், வந்த பிறகு திரும்பிப்போய் மற்றவர்களையும் வெளியே கொண்டுவருவேன்.

வந்தார். சிகாகோவில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கி, பகலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை, இரவில் லயோலா பல்கலைக்கழகத்தில் வகுப்பு என்று படித்தார். 1971-இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1977-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியையாகச் சேர்ந்ததும், அந்த வட்டாரத்து மருத்துவமனைகளிடம் அவர் கேட்டது ஒன்றுதான். உங்களால் சமாளிக்க முடியாதவர்களை, திரும்பத் திரும்ப உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள். மற்றவர்கள் கையை விரித்த இடத்திலிருந்துதான் அவர் வேலையை ஆரம்பித்தார்.

தன் கதையை அவர் பல ஆண்டுகள் வெளியே சொல்லவே இல்லை. ஆராய்ச்சியைத்தான் பேச வைத்தார். கையிலிருந்த தழும்புகளைப் பார்த்த ஒரு நோயாளிப் பெண், நீங்களும் எங்களில் ஒருத்தியா, அப்படியென்றால் எங்களுக்கெல்லாம் எவ்வளவு நம்பிக்கையாக இருக்கும் என்று கேட்டது அவர் மனதிலேயே இருந்தது. 2011 ஜூன் மாதம், தான் ஒருகாலத்தில் அடைபட்டுக் கிடந்த அதே மருத்துவமனைக்குப் போய், குடும்பத்தாரும் மருத்துவர்களும் அமர்ந்திருந்த அரங்கில் எல்லாவற்றையும் சொன்னார். அப்போது அவருக்கு 68 வயது. அந்த ஒரு பேச்சுக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

சிகிச்சைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் லினஹான், அந்நாளில் நடைமுறையில் இருந்த நடத்தைச் சிகிச்சையைத்தான் இவர்களிடம் முயன்றார். உன் எண்ணத்தில் இது தவறு, நடத்தையில் இது தவறு, இப்படி மாற்றிக்கொள் என்று சொல்லித் தருகிற முறை. வந்தவர்கள் கொதித்தார்கள், அல்லது எழுந்து போய்விட்டார்கள். பிரச்சினையே நான்தான் என்கிறீர்களா என்பதுதான் அவர்கள் காதில் விழுந்தது. சரி என்று அவர் மறுபக்கம் போனார். மாற்றச் சொல்வதை விட்டுவிட்டு, அவர்கள் படும் பாட்டைப் பொறுமையாகக் கேட்டு ஆறுதல் மட்டும் சொன்னார். அதற்கும் கொதித்தார்கள். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று.

இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வாயால் சொல்லப்பட வேண்டும் என்று அவர் கண்டுகொண்டது அப்படித்தான். உன் நிலைமையில் நீ படுவது நியாயம். அதே சமயம், நீ மாறியாக வேண்டும். ஒன்றைச் சொல்லி ‘ஆனால்’ என்று இழுத்து மற்றதைச் சொன்னால், கேட்கிறவருக்கு ‘ஆனால்’ மட்டும்தான் காதில் நிற்கும். அதனால் இரண்டையும் சம எடையில் வைக்கக் கற்றார். ஏற்றுக்கொள்வது எப்படி என்று கற்பதற்காக ஜென் குருமார்களிடம் போய் உட்கார்ந்தார். பிறகு தியானத்தில் சம்மணமிடச் சொல்லாமல், எந்த மதத்தாருக்கும் பொருந்துகிற சின்னச் சின்னப் பயிற்சிகளாக அதைப் பிரித்துக் கொடுத்தார்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு இது எப்படிப் பொருந்துகிறது? லினஹானின் விளக்கம் இப்படிப் போகிறது. சிலர் பிறவியிலேயே உணர்ச்சி வேகம் அதிகமுள்ளவர்கள். மற்றவர்களைத் தொடாத விஷயம் அவர்களைத் தொட்டுவிடும். தொட்டால் மளமளவென்று ஏறும். ஏறியது சீக்கிரம் இறங்காது. உடலெங்கும் தீக்காயம் பட்டவருக்கு லேசாகக் கை பட்டாலும் எப்படி இருக்குமோ, அப்படி என்று அவர் சொல்வார். இது ஒரு பாதி. மறு பாதி, அவர்கள் வளரும் சூழல். பிள்ளைக்கு உள்ளே எரிகிறது. சுற்றியிருப்பவர்கள் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்கிறார்கள். ஊர்ல யாருக்கும் இல்லாத கஷ்டமா உனக்கு? ஆம்பளப் புள்ள அழலாமா? சாப்பிட்டுத் தூங்கு, காலைல சரியாயிடும். நாளுக்கு நாள் இதையே கேட்கும் பிள்ளை, தனக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தானே நம்பக் கூடாது போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. மெல்லச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கத்தினால், பொருளை உடைத்தால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் வீடே ஓடி வருகிறது. இந்த இரண்டு பாதியும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகின்றன.

இதைப் படிக்கும் பெற்றோர் யாரும் மனம் நோகக் கூடாது. லினஹான் பெற்றோரைக் கூண்டில் ஏற்றவில்லை. உணர்ச்சி வேகம் குறைவான, நிதானமான ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் யாருடைய தப்பும் இல்லாமலே இது நேரும். ‘இதுக்குப் போயா?’ என்று கேட்கும் தாய் அன்பினால்தான் கேட்கிறாள். அழுகை நிற்க வேண்டும் என்பதுதான் அவள் தவிப்பு. ஆனால் அழுகிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி, உன் அழுகை பொய் என்று கேட்கிறது.

அப்படியானால் என்ன சொல்வது? ‘பார்த்துட்டும் பதில் போடலன்னா மனசு பதறத்தான் செய்யும். உனக்கு அவ ரொம்ப முக்கியம்ல?’ இவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். புத்திமதியைக் கொஞ்ச நேரம் நாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். இதனால் அவள் போனைச் சுவரில் அடித்ததும் சரி என்று ஆகிவிடாது. பதறியது நியாயம், போனை உடைத்தது நியாயமில்லை. முதலாவதை வாய்விட்டு ஒப்புக்கொண்டால்தான் இரண்டாவதைப் பற்றிப் பிறகு பேச முடியும். கோபம் உச்சத்தில் இருக்கும்போது அந்த இரண்டாவது பேச்சை எடுக்கவே வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக இந்தச் சிகிச்சையை மாற்றியமைத்த அலெக் மில்லர், ஜில் ரேதஸ் என்ற உளவியலாளர்கள், பெற்றோரையும் பிள்ளைகளோடு சேர்த்து ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். பல குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து படிக்கும் வகுப்பு. கண்டிப்புக்கும் விட்டுக்கொடுப்புக்கும் நடுவே எப்படி நடப்பது என்று அங்கே ஒரு தனிப் பாடமே உண்டு. எனக்கு இந்தச் சிகிச்சையில் மிகவும் பிடித்தது இதுதான். நம் வீடுகளில் பிள்ளையை மட்டும் டாக்டரிடம் ‘கொண்டுபோய்க் காட்டி’, சரிசெய்து திருப்பித் தரச் சொல்கிறோம். அதே வீட்டுக்குத்தானே பிள்ளை திரும்பி வருகிறது?

முழுமையான டி.பி.டி.யில் நான்கு அங்கங்கள் உண்டு. வாரம் ஒருமுறை சிகிச்சையாளரோடு தனியாகப் பேசுவது. வாரம் ஒருமுறை குழுவாகப் பயிற்சி வகுப்பு. இடையில் நெருக்கடி வந்தால் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது எந்தப் பயிற்சியைச் செய்வது என்று கேட்பது. சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது. இப்படிப்பட்ட துயரத்தோடு தினமும் உட்காருகிறவர் தனியாளாக இருக்கக் கூடாது என்று லினஹான் அந்தக் கடைசி அங்கத்தைக் கட்டாயமாக்கினார். பயிற்சி வகுப்பின் ஒரு சுற்று முடியப் பெரும்பாலும் 24 வாரங்கள் ஆகும். அதையே மறுபடி ஒரு சுற்று என்று ஓராண்டு போகும். நடப்பதைக் கவனிக்கக் கற்பது, நெருக்கடியைத் தாங்கிக் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, மனிதர்களிடம் கேட்கவும் மறுக்கவும் கற்பது என்று பாடங்கள் நான்கு வகை.

எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை. இரண்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலாவது, நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது செய்வது. தலைக்கு மேல் போய்விட்ட நேரத்தில் யோசி, நிதானி, எண்ணிப் பார் என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. அப்போது உடம்பு வழியாகத்தான் உள்ளே போக முடியும். ஓர் அகலமான பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றி, நாலு ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளுங்கள். விறைக்கும் அளவுக்குக் குளிர்ச்சி வேண்டாம். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகக் கூடாது. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தைத் தண்ணீரில் வைக்க வேண்டும். 15 முதல் 30 விநாடி. நீருக்குள் முங்குகிறோம் என்று உடம்பு எடுத்துக்கொண்டு, இதயத் துடிப்பைத் தானாகவே குறைத்துவிடும். இது பாலூட்டிகளுக்கெல்லாம் உள்ள இயற்கையான ஏற்பாடு. துடிப்பு இறங்கினால் பதற்றமும் ஒரு படி இறங்கும். முகத்தை முக்கப் பிடிக்காதவர்கள், ஈரத்துணியில் ஐஸைச் சுற்றிக் கண்ணுக்குக் கீழே ஒற்றிக்கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை: இதய நோய் உள்ளவர்கள், நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்கள், அதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பாட்டையே ஒதுக்கி மெலிந்துபோனவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இதனால் தோழி பதில் போட்டுவிட மாட்டாள். பிரச்சினை அப்படியேதான் இருக்கும். நிலைமையை இன்னும் மோசமாக்கிக்கொள்ளாமல் அந்தக் கால் மணி நேரத்தைக் கடப்பதுதான் இதன் வேலை. அந்தக் கால் மணி நேரத்தில்தான் எத்தனையோ உயிர்களின் விஷயம் இருக்கிறது.

இரண்டாவது, எல்லாம் அடங்கிய பிறகு சிகிச்சையாளரோடு உட்கார்ந்து செய்வது. நடந்ததைச் சங்கிலியாகக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பது. நம் கடிதத்துப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை அவள் உடைந்துபோனாள். எதனால்? தோழி பதில் போடாததால் என்று அவள் சொல்வாள். சிகிச்சையாளர் விடமாட்டார். அதற்கு முன்? வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணி வரை போன் பார்த்தாள். காலையில் டிபன் சாப்பிடவில்லை. மதியம் அப்பா அரியர் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான்கு மணிக்குத் தோழிக்குச் செய்தி அனுப்பினாள். நான்கேகாலுக்கு நீல டிக் வந்துவிட்டது. நான்கரைக்கு, ‘என்னை அவளுக்குப் பிடிக்கல’ என்று ஓர் எண்ணம். வயிற்றைப் பிசைந்தது. ஐந்து மணிக்கு அந்த எண்ணம், ‘என்னை யாருக்குமே பிடிக்காது’ என்று ஆகிவிட்டது. அடுத்தடுத்து பன்னிரண்டு செய்திகள். பிறகு அவமானம். பிறகு கதவு.

இப்படிப் பிரித்த பிறகு ஒவ்வொரு கண்ணியாக எடுத்து, இங்கே வேறு என்ன செய்திருக்கலாம் என்று பார்க்கிறார்கள். தூக்கமும் சாப்பாடும் அங்கேயே சரிசெய்யக் கூடியவை. லினஹான் இவற்றுக்கு மிகுந்த முக்கியத்துவம் தருகிறார். உடம்பு ஓய்ந்திருந்தால் மனம் எதையும் தாங்காது. ‘பிடிக்கல’ என்ற இடத்தில் நின்று, கண்ணால் கண்டது என்ன, நானாக ஊகித்தது என்ன என்று பிரிக்கலாம். கண்டது நீல டிக் மட்டும்தான். அவமானம் வந்த இடத்தில், ஒளிந்துகொள்ளத் தூண்டும் உணர்ச்சிக்கு நேர் எதிராக ஒன்றைச் செய்யலாம். கதவைச் சாத்தாமல் கூடத்தில் வந்து பாட்டியோடு உட்காரலாம். பயம் வந்தால் விலகாமல் கிட்டப் போவது, துக்கத்தில் படுத்துவிடாமல் எழுந்து ஒரு வேலையைத் தொடுவது என்று இதை ஒரு தனிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் பயத்துக்கு உண்மையான காரணம் இருந்தால், எதிர்ச்செயல் செய்யக் கூடாது. அங்கே பயம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

நான் ஏன் இப்படி இருக்கேன்னே தெரியல என்றாளே, அதற்கு இந்தச் சங்கிலி ஒரு பதில். அவள் ‘இப்படிப்பட்டவள்’ அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு விஷயங்கள் நடந்தன. அதில் ஏழெட்டு அவள் கையில் இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும், குறிப்பாக நம் வாசகிகளுக்கு. நடந்ததை முழு மனதோடு, உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்வது என்பது இந்தச் சிகிச்சையின் பெரிய பாடம். இதைக் கேட்டதும், ஆமாம், எல்லாம் தலையெழுத்து, பொறுத்துப் போக வேண்டியதுதான் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது பெரும் அநியாயம். தலைமுறை தலைமுறையாக நம் பெண்களுக்குச் சொல்லப்பட்ட ‘பொறுத்துப் போ’வுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லை என்றால், போதவில்லை என்பதை ஒப்புக்கொள்வது ஏற்பு. ஒப்புக்கொண்டால் அழுகை வரும்; வரட்டும். அழுத பிறகுதான் அடுத்து என்ன படிப்பது என்ற கேள்விக்கே இடம் வரும். அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணுக்கு ஏற்பு என்றால், இவர் அடிக்கிறவர், நான் நல்லபடி நடந்துகொண்டால் தானாக மாறிவிடுவார் என்பது நடக்கவில்லை, நடக்கப்போவதாகவும் தெரியவில்லை என்ற உண்மையைக் கண்ணைத் திறந்து பார்ப்பது. பார்த்தவள் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டாள். அவளுக்கு வேண்டியது மூச்சுப் பயிற்சியல்ல. 181 என்ற பெண்கள் உதவி எண். வீட்டில் அநியாயம் நடக்கும்போது, அதை எதிர்த்துக் கோபப்படுகிற பெண்ணுக்கு உணர்ச்சிக் கோளாறு என்று பெயர் வைக்க இந்தச் சிகிச்சையை யாரும் பயன்படுத்தக் கூடாது.

இந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1991-இல் லினஹான் வெளியிட்ட முதல் ஆய்விலேயே, வழக்கமான சிகிச்சை பெற்ற பெண்களைவிட டி.பி.டி. பெற்றவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. சிகிச்சையைப் பாதியில் விடுவதும், மருத்துவமனையில் கழித்த நாட்களும் குறைந்தன. 2006-இல் இன்னும் கடுமையான சோதனை. அனுபவம் மிக்க நிபுணர்களின் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். அப்போதும் டி.பி.டி. குழுவில் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதிதான். பதின்வயதினரிடம் 2014-இல் நார்வேயிலும் 2018-இல் அமெரிக்காவிலும் செய்த ஆய்வுகளும் நல்ல செய்தியே சொல்லின. அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து சில மாதங்கள் போனதும் இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கியது. மற்ற குழுவும் தேறி வந்திருந்தது. அக்கறையான எந்த நல்ல சிகிச்சையும் வீண் போவதில்லை என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். முதலில் எல்லைக்கோட்டு ஆளுமைக் குறைபாடு என்ற பாதிப்புள்ளவர்களுக்காகத்தான் இது உருவானது. இப்போது உணர்ச்சி வெள்ளத்தைத் தாங்க முடியாமல் தவிக்கும் வேறு பலருக்கும், அளவு மீறி உண்பவர்களுக்கும், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கும் தருகிறார்கள்.

நம் ஊர் நிலவரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்கு அங்கங்களும் சேர்ந்த முழுமையான டி.பி.டி. தருபவர்கள் இங்கே மிகக் குறைவு. இருப்பவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில், அதுவும் ஆங்கிலத்தில். கட்டணமும் எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. அதனால் டி.பி.டி. என்று பெயர்ப்பலகையில் பார்த்தால், பயிற்சி வகுப்பு தனியாக உண்டா, உணர்ச்சிகளைத் தினமும் குறித்து வர அட்டை தருவீர்களா, நெருக்கடியில் அழைக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். இந்தச் சிகிச்சை கிடைக்கவில்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள், பயிற்சி ஆரம்பித்துவிட்டோம் என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

போலீஸ், கேஸ் என்று பயந்து, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிப்பு தருவது அரசின் கடமை என்கிறது. பயப்படாமல் அழைத்துப் போங்கள். இரவோ பகலோ, பேச ஒருவர் வேண்டும் என்று தோன்றினால் இந்தியாவில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணைக் கூப்பிடலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பின் தன்னார்வலர்கள் இத்தனை ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவருகிறார்கள். இலங்கையில் இருக்கும் நம் வாசகர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். டி.பி.டி. பயிற்சி பெற்றுத் தமிழில் வகுப்பு நடத்துகிறவர்கள், அல்லது அப்படி நடக்கும் இடத்தை நேரில் அறிந்தவர்கள், ஊர், கட்டணம், நாள், நேரம் ஆகிய விவரங்களோடு நமக்கு எழுதுங்கள். சரிபார்த்து, மாவட்டவாரியாக அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். பெற்றோரையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் இடமாக இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பிள்ளைகளோடு தாங்களும் வந்து உட்காரத் தயார் என்று சொல்லும் பெற்றோர்கள் அப்படி ஒரு முகவரியைத்தான் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்